வழிநடையும் குடிநீரும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் நீர் தெளிக்கும் எளிய முறைகளின் வரலாறு

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழையை நம்பி வாழும் வறண்ட நிலப்பகுதியாகும். பேருந்தும் குழாய்நீரும் வருவதற்கு முன் இவ்வழியே நடந்து சென்றவர்கள் பலர். கால்நடை மேய்ப்பவர், சந்தைக்குச் செல்பவர், துறவியர், கோயில் யாத்திரிகர், பஞ்ச காலத்தில் பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர் என யாராக இருந்தாலும், வழியில் கிடைக்கும் நீரைக் குடிக்கத்தக்கதாக மாற்றிக்கொள்ளும் சிறு உத்திகள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. அவ்வுத்திகளுக்கான கருவிகள் மடியில் முடிந்துகொள்ளும் அளவே இருந்தன. ஒரு துண்டுத் துணி, ஒரு கொட்டை, ஒரு சிரட்டை, ஒரு சுரைக்குடுவை ஆகியவை போதுமானவையாகக் கருதப்பட்டன.

இன்று மலையேறுவோரும் பாதயாத்திரை செல்வோரும் குளோரின் மாத்திரை, கைவடிகட்டி, புற ஊதாக் கருவி ஆகியவற்றில் எதை எடுத்துச் செல்வது என்று யோசிக்கின்றனர். எடை குறைவானது எது என்பதே பெரும்பாலும் முதற்கேள்வியாக அமைகிறது. இவ்வட்டாரத்தின் வரலாறு அதற்கு முன் கேட்க வேண்டிய வேறொரு கேள்வியைக் காட்டுகிறது: இந்த நீரில் உள்ள குற்றம் என்ன? நீரின் குற்றங்களை உப்பு, கலங்கல், உயிர் என மூன்றாகப் பகுக்கலாம். இவற்றுள் ஒன்றை நீக்கும் முறை மற்றொன்றை நீக்குவதில்லை. பழைய முறைகளின் வலிமையும் தோல்வியும் இப்பகுப்பைக் கொண்டு பார்க்கும்போது தெளிவாகின்றன.

நிலமும் நீரும்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் முன்பு இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. 1985-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, இன்று விருதுநகர் எனப்படும் காமராசர் மாவட்டத்தில் இவை சேர்ந்தன. பெரும்பகுதி கரிசல் மண். மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கிடைக்கிறது. ஆண்டின் எஞ்சிய காலத்தில் வெயிலே மிகுதி.

திருச்சுழியை ஒட்டி ஓடும் குண்டாறு ஆண்டின் பல மாதங்கள் வறண்டே கிடக்கும். இவ்வூரின் திருமேனிநாதர் கோயில் பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்று. ஊழிவெள்ளத்தைச் சிவபெருமான் பூமிக்குள் சுழித்துச் செல்லச் செய்த இடம் இது என்று தலபுராணம் கூறுகிறது. வெள்ளத்தின் பெயரால் அமைந்த இவ்வூரைச் சுற்றி நல்ல தண்ணீர் அரிதாக இருப்பது கவனிக்கத்தக்கது.

இங்குக் கிணறு தோண்டினால் நீர் கிடைக்காது என்பதில்லை. கிடைக்கும் நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கும். மழைநீர் கரிசல் மண்ணில் மெதுவாகவே இறங்குகிறது. வெயிலில் ஆவியாகும் நீர் உப்பை மண்ணிலேயே விட்டுச் செல்கிறது. அந்த உப்பு நிலத்தடி நீரில் சேர்கிறது. இதனால் மக்கள் நீரை 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி' என இரண்டாகப் பிரித்தனர். குளிக்க, துவைக்க, மாடு குடிக்க உப்புத் தண்ணீர்; குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர். கிணற்று நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தாலும் வாயில் வைக்க முடியாததாக இருக்கும். ஊருணி நீர் கலங்கியிருந்தாலும் இனிக்கும். கண்ணால் பார்த்து நீரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்ற பாடத்தை இந்நிலம் முதலிலேயே கற்றுக்கொடுத்தது.

உப்பை நீக்கும் எளிய முறை எதுவும் அன்று இல்லை. துணியில் வடித்தாலும் உப்பு போகாது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி உப்பின் அடர்த்தி கூடுமேயன்றிக் குறையாது. உப்பு மிகுந்த நீரைக் குடித்தால் தாகமும் அடங்காது. ஆகவே உப்புக்கு எதிரான ஒரே வழி, உப்பில்லாத நீர் இருக்கும் இடத்தை அறிந்து அங்குப் போய்க் குடிப்பது. வழிநடையில் இவ்வறிவே முதல் சுத்திகரிப்பு எனலாம்.

ஊருணி

ஊரார் உண்ணும் நீர்நிலை என்பதால் ஊருணி எனப்பட்டது. திருக்குறளின் 215-ஆம் குறள் அறிவுடையவனின் செல்வத்திற்கு ஊருணியை உவமையாக்குகிறது. பாசனத்துக்கான கண்மாயிலிருந்து ஊருணி வேறுபட்டது. கண்மாய் வயலுக்கு, ஊருணி வாய்க்கு. மழைநீர் ஓடிவரும் வரத்துக்கால், மண்ணையும் சருகையும் தடுக்கும் அமைப்பு, சுற்றிலும் கரை, இறங்கி எடுக்கப் படித்துறை ஆகியவை ஊருணியின் பொதுவான உறுப்புகள். சில ஊருணிகளின் நடுவே கிணறும் இருக்கும். கோடையில் ஊருணி வற்றிய பின்னும் அக்கிணற்றில் ஊறும் நீர் சில வாரங்களுக்கு உதவும்.

ஊருணி நீர் மழைநீர் என்பதால் அதில் உப்பு இல்லை. ஆனால் அது திறந்த நீர்நிலை. எனவே கலங்கலும் உயிரும் அதற்கு இயல்பான குற்றங்கள். அவற்றைத் தடுக்க ஊர்க்கட்டுப்பாடுகள் இருந்தன. ஊருணியில் குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது, செருப்புடன் படியில் இறங்கக் கூடாது என்பவை அவற்றுள் சில. கரையில் முள்வேலி இட்டுக் காவல் வைத்த ஊர்களும் உண்டு.

வழிப்போக்கருக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. நீரைக் காக்கும் பணியை ஊரே செய்துவிட்டதால் அவருடைய சுமை குறைந்தது. குடுவையில் ஊருணி நீரை நிரப்பி, துணியில் வடித்துக்கொண்டால் அடுத்த ஊர்வரை நடக்கலாம். கட்டுப்பாடு தளர்ந்த இடத்தில் வழிப்போக்கரின் ஆபத்தும் கூடியது. பிற்காலத்தில் குழாய்நீர் வந்ததும் பல ஊருணிகள் கவனிப்பின்றித் தூர்ந்தன, சில குப்பைமேடாயின. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் தென்மாவட்டங்களில் ஊருணிகளைத் தூர்வாரிப் புதுப்பிக்கும் பணியில் ஈடுபட்டன.

ஆற்று ஊற்று

ஊருணிக்கு அடுத்தபடியாக நல்ல தண்ணீர் கிடைத்த இடம் ஆற்றுமணல். குண்டாறு, வைப்பாறு, வைகை ஆகிய ஆறுகளின் மேற்பரப்பு காய்ந்திருந்தாலும் மணலுக்கு அடியில் ஈரம் இருக்கும். கையால் அல்லது சிரட்டையால் மணலைத் தோண்டினால் குழியில் நீர் ஊறும். முதலில் ஊறும் கலங்கல் நீரை அள்ளி வெளியே ஊற்றிவிட்டு, பின் தெளிந்து ஊறுவதைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் நிரப்புவர். மென்மையாக மொள்வது முக்கியம். வேகமாக அள்ளினால் மணல் கலையும்.

பார்க்க எளிய இச்செயல், நகரங்களின் பெரும் நீர்நிலையங்களில் நடைபெறும் மணல்வடிப்புக்கு நெருங்கியது. 1829-இல் ஜேம்ஸ் சிம்ப்சன் இலண்டனின் செல்சி பகுதியில் தேம்ஸ் ஆற்று நீரை மணற்படுகை வழியாக வடிக்கும் அமைப்பை உருவாக்கினார். 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி 8,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதை ஒட்டியிருந்த ஆல்டோனா நகரும் அதே எல்பே ஆற்று நீரைத்தான் குடித்தது. ஆனால் அங்கு நீர் மணலில் வடிக்கப்பட்டதால் பாதிப்பு மிகக் குறைவாக இருந்தது. மணலின் காப்பாற்றும் ஆற்றலுக்கு இந்நிகழ்ச்சி பெரிய சான்றாயிற்று.

எனினும் எந்த ஊற்றும் தானாகவே பாதுகாப்பானது எனக் கொள்ள முடியாது. குழிக்கு அருகில் கால்நடைகளும் மனிதரும் கழித்த இடம் இருந்தால், ஆழமற்ற மணல் அதைத் தடுக்கப் போதாது. மணல் அள்ளப்பட்டுக் களிமண் தெரியும் ஆற்றில் ஊற்றே இல்லை. மணல் போன இடத்தில் வழிப்போக்கர் இழந்தது ஒரு வடிகட்டியையும்தான்.

தேற்றாங்கொட்டை

கலங்கலைத் தீர்க்கத் தமிழர் கையாண்ட பழைய பொருள் தேற்றாங்கொட்டை. தேற்றா மரத்திற்கு இல்லம் என்றும் பெயர். கலித்தொகையின் நெய்தற்கலிப் பாடல் ஒன்று, இம்மரத்தின் விதையால் கலங்கிய நீர் தெளிவதை, கலங்கிய மனம் தெளிவதற்கு உவமையாக்குகிறது. வடமொழியில் இது கதகம் எனப்படும். கதகத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நீர் தெளிந்துவிடாது என்ற கருத்து மனுநூலில் இடம்பெறுகிறது. ஒரு பொருளை அறிந்திருப்பதும் அதைக் கொண்டு செயல்படுவதும் வேறு என்பதற்கு அங்கு இது எடுத்துக்காட்டு.

செய்முறை எளிது. சொரசொரப்பான மண்பானையின் உட்புறத்திலோ ஒரு கல்லிலோ சிறிது நீர் விட்டுக் கொட்டையை உரைப்பர். அந்த விழுது கலங்கல் நீரில் கலந்ததும், நீரில் மிதக்கும் நுண்ணிய மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கனத்து அடியில் படியும். சிறிது நேரம் அசையாமல் வைத்து மேல்நீரை இறுத்துக்கொள்ளலாம். ஒரு கொட்டையைப் பலமுறை உரைக்கலாம். எடை மிகக் குறைவு. இம்மரம் கரிசல் சமவெளியில் எங்கும் வளர்வதன்று. ஆகவே கொட்டை நாட்டு மருந்துக் கடைகள் வழியாகவே பரவியது. இதே பேரினத்தைச் சேர்ந்த எட்டி கொடிய நஞ்சுள்ளது என்பதால் கொட்டையை அறிந்து வாங்குவது அவசியம்.

படிகாரமும் இதே வேலையைச் செய்யும். முருங்கை விதைக்கும் இந்த ஆற்றல் உண்டு. சூடானில் நைல் ஆற்றுக் கலங்கல் நீரை முருங்கை விதையால் பெண்கள் தெளிய வைப்பதை சாமியா அல் அசாரியா யான் என்ற ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்து, 1980-களில் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

தெளிய வைத்த நீரில் மண்ணோடு சேர்ந்து கிருமிகளில் ஒரு பகுதியும் படிகிறது. ஆனால் எஞ்சியவை நோய் தரப் போதுமானவை. தேற்றாங்கொட்டை கலங்கலை நீக்கும் பொருளேயன்றி, கிருமியைக் கொல்லும் பொருளன்று. பின்னர் வந்த குளோரின் முறைக்கு இது நல்ல துணை. கலங்கல் நீரில் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும் என்பதால், முதலில் தெளிய வைப்பது இன்றும் சரியான வரிசை.

வடிதுணி

நீரை வடித்துக் குடிக்கும் வழக்கத்தை அறமாகவே கொண்டவர்கள் சமணர். இவ்வட்டாரத்தில் சமணம் செழித்திருந்ததற்குச் சான்றுகள் உள்ளன. குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளி பெரிய சமணப் பள்ளியாக விளங்கியது. அப்பள்ளியைச் சேர்ந்த துறவியரின் பெயர்கள் மதுரைக்கு அருகிலுள்ள சமணர்மலைக் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. வாகனம் ஏறாத இத்துறவியர் இந்த வறண்ட நிலத்தில் நடந்தே சென்றவர்கள்.

சமண மரபில் நீரை வடிப்பதன் நோக்கம் குடிப்பவரின் உடல்நலம் அன்று. நீரில் வாழும் சிற்றுயிர்களைக் காப்பது. திகம்பரத் துறவியர் நாளுக்கு ஒருமுறை, இல்லறத்தார் தரும் உணவோடு, கொதிக்க வைத்து ஆறிய நீரை மட்டும் அருந்துவர். அவர்கள் ஏந்தும் கமண்டலத்து நீர் தூய்மை செய்துகொள்வதற்கே உரியது. நீரை வடிப்பதும் காய்ச்சுவதும் அவர்கள் சென்று சேரும் வீட்டின் பொறுப்பு. நடப்பவரின் சுமையைத் தங்குமிடம் ஏற்றுக்கொண்ட முறை இது.

வடிதுணி உடல்நலத்தையும் காத்தது என்பதற்கு நரம்புச் சிலந்தி நோய் சான்று. நரம்புச் சிலந்தி என்பது ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை வளரும் புழு. அதன் இளம் உயிரிகளைச் சுமந்த சைக்ளோப்ஸ் என்னும் சிறு நீருயிரியை நீரோடு விழுங்கியவருக்கு, ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்துக் காலில் கொப்புளம் தோன்றும். அதன் வழியே புழு வெளியேறும். எரிச்சல் தாளாமல் அவர் காலை நீரில் வைத்தால் புழு தன் இளம் உயிரிகளை அந்நீரில் விடும். படியில் இறங்கி நீர் மொள்ளும் குளமும் படிக்கிணறும் இந்நோய்க்கு ஏற்ற இடங்கள். ஊருணியில் கால் நனைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு எவ்வளவு மதிப்புள்ளது என்பது இதனால் விளங்கும். இப்புழுவின் பரவலில் சைக்ளோப்ஸின் பங்கை ரஷ்ய அறிஞர் அலெக்சி ஃபெட்சென்கோ 1870 வாக்கில் துர்க்கிஸ்தானில் கண்டறிந்தார்.

இந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, கொல்லும் மருந்தும் இல்லை. நீரைத் துணியில் வடிப்பதே முதன்மையான காப்பு. சைக்ளோப்ஸ் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவுள்ளது என்பதால் நெருக்கமான துணியில் சிக்கிவிடும். 1983-84-இல் இந்தியா தேசிய நரம்புச் சிலந்தி ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் காணப்பட்ட ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. படிக்கிணறுகளை மூடியது, ஆழ்துளைக் கிணறு அமைத்தது, வடிதுணி வழங்கியது ஆகியவற்றால் நோய் படிப்படியாக மறைந்தது. நாட்டின் கடைசி நோயாளி 1996-இல் இராஜஸ்தானில் பதிவானார். 2000-ஆம் ஆண்டு உலக சுகாதார அமைப்பு இந்தியாவை நோயற்ற நாடாக அறிவித்தது. ஆப்பிரிக்காவில் மேய்ச்சலுக்காக அலைந்து திரிபவர்களுக்குக் கழுத்தில் தொங்கவிடும் சிறு குழல்வடிகட்டி வழங்கப்பட்டது. முனையில் வலைத்துணி பொருத்திய அக்குழலால் குளத்து நீரை நேரே உறிஞ்சிக் குடிக்கலாம். இன்றைய மலையேறிகளின் உறிஞ்சுகுழல் வடிகட்டிக்கு அது எளிய உறவு.

கிருமியளவில் துணியின் எல்லையையும் அறிய வேண்டும். பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்தால் அதன் துளை ஏறக்குறைய 20 மைக்ரான். காலராக் கிருமி அதைவிடப் பலமடங்கு சிறியது. ஆயினும் அக்கிருமி நீரில் பெரும்பாலும் மிதவை உயிரிகளின்மேல் ஒட்டி வாழ்கிறது. ரீட்டா கோல்வெல் தலைமையிலான குழுவினர் வங்கதேசத்தின் மட்லப் பகுதியில் 65 கிராமங்களில் ஆய்வு செய்து 2003-இல் முடிவை வெளியிட்டனர். சேலை மடிப்பில் நீரை வடித்த கிராமங்களில் காலரா 48 விழுக்காடு குறைந்தது. பாதி குறைந்தது என்பது பெரிய வெற்றி. மறுபாதி எஞ்சியது என்பதும் உண்மை.

தண்ணீர்ப் பந்தலும் தடுக்கப்பட்ட கைகளும்

நடப்பவருக்கு நீர் தருவதை அறமாகக் கொண்டு சாலையோரங்களில் சத்திரங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைக்கப்பட்டன. மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் (ஆட்சிக்காலம் 1689-1706) அமைத்த சாலைகளும் சத்திரங்களும் இதற்குப் புகழ்பெற்றவை. பந்தலில் மண்பானைகளை ஈரமணலில் பதித்து, நீரில் வெட்டிவேர் இட்டு, கோடையில் நீர்மோரும் வழங்குவர். வெட்டிவேர் மணத்தையும் குளிர்ச்சியையும் தரும். கிருமியை நீக்கியதாகக் கொள்ள முடியாது. பந்தலின் உண்மையான பயன், உப்பில்லாத நீரை வேறிடத்திலிருந்து சுமந்துவந்து வழியில் வைத்ததே.

பனையும் இந்நிலத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தல்போல் உதவியது. உவர்நிலத்தில் வளரும் பனை, உப்பில்லாத நுங்கையும் பதநீரையும் தருகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால் பதநீர் புளித்துக் கள்ளாகாமல் நிற்கும். வெள்ளரியும் தர்ப்பூசணியும் கோடை வழிநடையில் தாகம் தீர்த்தன.

ஆனால் இந்த அறம் எல்லாருக்கும் ஒன்றுபோல் கிடைக்கவில்லை. ஊருணியில் இறங்கவும் கிணற்றில் இறைக்கவும் ஒடுக்கப்பட்ட சாதியினர் தடுக்கப்பட்டனர். யாரேனும் இறைத்து ஊற்றும்வரை காத்திருந்து கையேந்திக் குடிக்கும் நிலை இருந்தது. தனி ஊருணி, தனிக் கிணறு என்ற பிரிவினையும் நிலவியது. நீரைக் காத்த அதே ஊர்க்கட்டுப்பாடு மனிதரையும் விலக்கியது. பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை எல்லாரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானம் 1924-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1927-இல் மகாராட்டிரத்தின் மகாடு நகரில் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகி அவ்வுரிமையை நிலைநாட்டினார். நல்ல நீர் எங்கே இருக்கிறது என்ற அறிவு ஒரு வழிப்போக்கருக்குப் போதுமாயிருந்தது. மற்றொருவருக்கு அங்கே தன்னை விடுவார்களா என்ற கேள்வியும் எஞ்சியது. சுத்திகரிப்பு முறைகளின் வரலாற்றில் இந்தச் சுமையையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மருந்தும் மாத்திரையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலரா, யாத்திரை வழிகளிலும் பஞ்ச வழிகளிலும் பரவியது. 1876-78-இல் சென்னை மாகாணத்தைத் தாக்கிய தாதுவருடப் பஞ்சத்தில் பசியோடு காலராவும் சேர்ந்தே உயிர் குடித்தது. 1884-இல் இராபர்ட் காக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டறிந்தார். கலங்கலைத் தீர்ப்பதும் கிருமியைத் தீர்ப்பதும் வேறு வேலைகள் என்பது அதன்பின் உறுதியாயிற்று.

ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்கின், கிணறுகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இடும் முறையை 1890-களில் பரப்பினார். நீர் இளஞ்சிவப்பு நிறமாகும்வரை மருந்திடுவது அம்முறை. இந்திய மருத்துவப் பணியில் இருந்த வின்சென்ட் நெஸ்ஃபீல்டு, குளோரினைக் கொண்டு குடிநீரைத் தூய்மை செய்யும் முறையை 1903-இல் வெளியிட்டார். நடந்து செல்லும் படைவீரரின் தேவை இம்முயற்சிகளுக்குத் தூண்டுகோலாக இருந்தது. 1917-இல் ஹென்றி டேக்கின், எட்வர்டு டன்ஹம் ஆகியோர் ஹாலசோன் மாத்திரையை உருவாக்கினர். இரண்டாம் உலகப்போரில் அது வீரர்களின் பையில் இடம்பெற்றது.

இந்தியாவில் நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய குளோரின் மாத்திரை, அரை கிராம் எடையில் 20 லிட்டர் நீரைத் தூய்மை செய்யும் ஆற்றலுடையது. மாத்திரை இட்டபின் குறைந்தது அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கடின உறையுள்ள ஒற்றைச்செல் உயிரிகளை குளோரின் எளிதில் கொல்லாது. அயோடின் மாத்திரை தைராய்டு நோயாளிகளுக்கும் கருவுற்றோருக்கும் ஏற்றதன்று.

கொதிக்க வைப்பது இவையெல்லாவற்றையும்விடப் பழையது, நம்பகமானது. நீர் கொப்பளித்துக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் இருந்தாலே நோய்க்கிருமிகள் இறந்துவிடும். ஆனால் விறகும் பாத்திரமும் ஆறும்வரை காத்திருக்கும் நேரமும் வேண்டும். வெயிலே மலிவாகக் கிடைக்கும் இந்நிலத்துக்குப் பொருத்தமான முறை ஒன்று பெய்ரூட்டில் அஃப்டிம் அக்ரா என்பவரின் ஆய்விலிருந்து வளர்ந்தது. தெளிந்த நீரை ஒளிபுகும் பெட் புட்டியில் நிரப்பி ஆறு மணி நேரம் முழு வெயிலில் வைத்தால் கிருமிகள் அழியும். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள் வேண்டும். செப்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் நோய்ப் பாக்டீரியாக்கள் அழிந்ததை இந்திய ஆய்வு ஒன்று 2012-இல் காட்டியது. எனினும் செம்பின் எடையும் காத்திருக்கும் நேரமும் நடப்பவருக்கு ஒத்துவருவதில்லை.

புட்டியும் கைவடிகட்டியும்

இன்று அருப்புக்கோட்டைக்கு வைகை, தாமிரபரணி ஆறுகளின் நீர் குழாய்வழி வருகிறது. உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீர், எதிர்ச்சவ்வூடு பரவல் இயந்திரங்களில் உப்பு நீக்கப்பட்டுக் கேன்களில் விற்கப்படுகிறது. வரலாற்றில் முதன்முறையாக உப்பையும் நீக்கும் வழி பிறந்தது. ஆனால் அதற்கு மின்சாரமும் அழுத்தமும் வேண்டும். அது பையில் அடங்குவதன்று. இவ்வட்டாரத்திலிருந்து இருக்கன்குடிக்கும் திருச்செந்தூருக்கும் பாதயாத்திரை செல்வோர் புட்டிநீரையும் வழியில் வழங்கப்படும் நீரையும் நம்புகின்றனர். முன்பு நெகிழிப் பாக்கெட் நீர் பரவலாக இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அது தடைசெய்யப்பட்டது.

மாவட்டத்தின் மேற்கு எல்லையில் தாணிப்பாறையிலிருந்து ஏறும் சதுரகிரி மலைப்பாதை, இன்று ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்குகிறது. அங்கு நெகிழிக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம் ஏறும் அம்மலையில் ஓடைநீரின் குற்றம் உப்பன்று. கூட்டமும் விலங்குகளும் சேர்க்கும் கிருமியே. நுண்ணிழைக் கைவடிகட்டி இத்தகைய இடத்துக்குப் பொருத்தமானது. நூறு கிராமுக்கும் குறைவான எடையில் கிடைக்கும் இவற்றின் துளை 0.1 மைக்ரான் அளவு. பாக்டீரியாவும் ஒற்றைச்செல் உயிரிகளும் அதில் சிக்கும். வைரஸ் அதனினும் சிறியது என்பதால் மனிதக் கழிவு கலக்க வாய்ப்புள்ள நீரில் வடித்தபின் குளோரின் மாத்திரையும் தேவை.

அதே வடிகட்டியைத் திருச்சுழிப் பக்கத்து உவர்கிணற்றில் பயன்படுத்தினால் கிருமியற்ற உப்புநீரே கிடைக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம், கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாதபோது 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. இதை மீறிய நீரை எந்தக் கைவடிகட்டியும் மாத்திரையும் சரிசெய்யாது. புளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். புற ஊதாக் கருவியோ கலங்கல் நீரில் பயனிழக்கும். மண்துகளின் நிழலில் கிருமி தப்பிவிடும்.

மதிப்பீடு

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஒரு வரிசை புலப்படுகிறது. முதலில் உப்பில்லாத நீரைத் தேர்வது. அடுத்துக் கலங்கலைத் தெளிய வைப்பது. பின் துணியிலோ வடிகட்டியிலோ வடிப்பது. கடைசியில் கொதியாலோ வெயிலாலோ மருந்தாலோ கிருமியைக் கொல்வது. கரிசல்நிலத்தார் முதல் மூன்றையும் நன்கு அறிந்திருந்தனர். நான்காவதில் கொதிக்க வைத்தலை அறிந்திருந்தும் நோயுற்றவருக்கும் நோன்பினருக்கும் உரியதாகவே பெரும்பாலும் கொண்டனர். அந்த இடைவெளியின் வழியே காலரா நுழைந்தது. இன்று நான்காவது படி கைக்கடக்கமாகிவிட்டது. ஆனால் கருவியின் மீதுள்ள நம்பிக்கையில் முதற்படி மறக்கப்படுகிறது.

நடப்பவரின் சுமை குறைந்திருந்த காலங்களில் அதை வேறு யாரோ சுமந்தனர் என்பதும் இவ்வரலாறு காட்டும் உண்மை. ஊருணிக் காவலர், பந்தலுக்கு நீர் சுமந்தவர், ஆற்றுமணல், துறவிக்கு நீர் காய்ச்சிய வீடு ஆகியவை இருந்தவரை ஒரு துணியும் ஒரு கொட்டையும் போதுமாயின. இவை ஒவ்வொன்றாக மறையும்போது நடப்பவரின் பையில் ஒவ்வொரு கருவியாக ஏறுகிறது. ஓர் ஊருணியைத் தூர்வாரிக் காப்பது அவ்வூருக்கு மட்டுமன்றி, அவ்வழியே நடந்து செல்லும் பெயர் தெரியாத ஒருவருக்கும் செய்யும் உதவியாகும்.